லைன் கிளியர்

படுக்கையறை நிலைப்படியில் தொடங்கி, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, மேற்குச் சுவரை ஒட்டிய நீளப் பலகைவரை தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி இடைவெளி. ரயில் மாதிரி செய்பவர் வீடு, தரையிலும் சிலீப்பர் கட்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தபோதுதான் அது எதற்கென்று தெரிந்தது. நிலைப்படியில் அவர் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே வரப் பார்க்கிறது, கால் வரவில்லை. கூடத்தில் ஐந்து பேர் இருந்தும் யாரும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. அவர் குனிந்து முதல் கோட்டைப் பார்த்தார். அதைத் தாண்டுவதற்காகக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அடுத்த கோட்டுக்குப் போனது. பிறகு தடையில்லாமல் நடந்து வந்து, பலகைக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத நான்தான் மொதல்ல கவனிச்சேன்" என்றார் அவர் மனைவி. "படியில ஏர்றாரு, எறங்குறாரு, ஒண்ணும் ஆகல. சமதரையில வந்தா நின்னுடறாரு. அது ஏன்னு இந்தப் புள்ளைங்ககிட்ட கேட்டேன். அடுத்த வாரமே டேப்போட வந்துட்டாங்க."

பார்க்கின்சன் நோயில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். தானாக நடக்கும் நடை உறைந்துபோகும். கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால், அதைத் தாண்டும் நடை வந்துவிடும். பிசியோதெரபி செய்பவர்களும் இதைச் சொல்லித் தருகிறார்கள். இங்கே ஒரு மனைவியின் கண்ணும், ஷிப்ட் முடிந்து வரும் மூன்று தொழிலாளிகளின் கையும் அதைக் கண்டுபிடித்திருந்தன.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், ஒரகடம் சந்திப்புக்குச் சற்று முன்னால் கிளை பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு. இருபுறமும் தொழிற்சாலைகள், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்து ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. லட்சக்கணக்கில் வண்டிகள் செய்யும் இந்த வட்டாரத்தில் ரயில் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை வரும் என்ற பேச்சு ஆண்டுக்கணக்காக இருக்கிறது. ரயிலில் வடக்கே போகும் கார்களில் பல வாலாஜாபாத் நிலையத்துக்குப் போய் வேகனில் ஏறுகின்றன. அந்த வாலாஜாபாத்தைத்தான் இவர் தன் கூடத்தில் பதினான்கடி நீளப் பலகையில் கட்டியிருக்கிறார். இன்றைய வாலாஜாபாத் அல்ல, மீட்டர் கேஜ் காலத்து வாலாஜாபாத்.

நான் அங்கே போனதற்கு ரயில் மட்டும் காரணமில்லை. என் அப்பா தையல்காரர். அவருக்கும் இதே நோய் வந்தது. கை நடுங்கத் தொடங்கியதும், வெட்டிக்கொள்வார் என்று பயந்து, கத்தரிக்கோலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியது நான்தான். அதன்பின் ஆறு வருடம் அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை நடுங்கும் ஒரு டூல்மேக்கர் இன்னும் ரயில் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டபோது, எப்படி என்று நேரில் பார்த்தாக வேண்டும்போல இருந்தது.

முதலில் வேலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் அதிகம் பேர் கையாளும் அளவு எச்.ஓ., அதாவது 87இல் 1 பங்கு. அதில் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.; அது மேலைநாட்டுப் பாதையின் கணக்கு. நம் மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. கடையில் கிடைப்பது 12. அரை மில்லிமீட்டர்தானே என்று எல்லோரும் அதையே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அரை எம்.எம். தப்பு இருந்தா டை வேலை செய்யுமா?" என்று என்னிடம் கேட்டார். ஆகவே தண்டவாளம் முழுக்கக் கையால் போட்டது. எலக்ட்ரானிக் போர்டு செய்யும் செம்புத் தகட்டுப் பலகையை வாங்கி, தீக்குச்சி அகலத்துக்கு அறுத்து, சிலீப்பராக வைத்து, நிக்கல்-வெள்ளி ரெயிலை அதன்மேல் சால்டர் செய்திருக்கிறார். ஒவ்வொரு சிலீப்பரின் நடுவிலும் அரத்தால் செம்பைக் கீறிப் பிரிக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் இரண்டு ரெயிலும் ஷார்ட் ஆகிப் பாதை முழுக்கச் செத்துவிடும். அப்படி இரண்டாயிரத்துக்கும் மேல். சக்கரங்களையும் அவரே லேத்தில் கடைந்தார்.

அகலம் பார்க்க ஒரு கோ, நோ-கோ கேஜ் செய்து வைத்திருக்கிறார். விரல் நீள எஃகுத் துண்டு. ஒரு முனை ரெயில்களுக்கு நடுவே நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. கை திடமாக இருந்தபோது செய்தது. இன்று புதுப் பெட்டிக்குச் சக்கரம் கடைபவர் வல்லம் பக்கம் சி.என்.சி. இயக்கும் இளைஞர், தண்டவாளம் போடுகிறவர் ஒரு டை ஃபிட்டர். இருவரும் தாங்கள் செய்ததை அந்தக் கேஜில் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் பலகையில் ஏற்றுகிறார்கள். நான் இருந்தபோது ஒரு சக்கர ஜோடி நோ-கோ முனையில் நுழைந்துவிட்டது. இளைஞர் ஒன்றும் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய அந்தக் கை இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.

பாதையின் ஊர்களும் யோசித்துத் தேர்ந்தவை. வலது முனையில் வாலாஜாபாத், இடது முனையில் பழையசீவரம். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை பாலாற்றின் வடகரையை ஒட்டி இந்த ஊர்கள் வழியாகக் காஞ்சிபுரம் போகிறது. அதன் அரக்கோணம்–காஞ்சிபுரம் துண்டு 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்டது. அன்றைக்கு அகலம் 3 அடி 6 அங்குலம். பிறகு மீட்டர் கேஜ், பிறகு அகலப் பாதை. ஒரே பாதையில் மூன்று அகலம் பார்த்த மண் இந்தியாவில் எத்தனை இடத்தில் இருக்கும்! ஒரு கேஜ் மனிதருக்கு இந்தப் பாதைமேல் ஆசை வந்ததில் வியப்பில்லை.

பழையசீவரத்துக் குன்றும் அதன்மேல் நரசிம்மர் கோயிலும் பலகையில் இருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில், பின்திரை ஓவியத்தில், திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. மருந்து கொடுப்பவருக்கு ஒதுக்கியதுபோல, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நெல் அளந்து எழுதி வைத்த அந்தக் கல்வெட்டை நினைத்துக்கொண்டுதான் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவருக்கு நோய் வந்தது வலது கைக் கட்டை விரலில். ஆட்காட்டி விரலோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல. விநாடிக்கு நாலிலிருந்து ஆறு முறை ஆடும் நடுக்கம் இது. அவரே கடிகாரம் வைத்து எண்ணி, "அஞ்சு ஹெர்ட்ஸ்" என்று டாக்டரிடம் சொன்னாராம். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. அலமாரி டப்பாக்களில் அவர் எழுதி ஒட்டிய சீட்டுகளை வரிசையாகப் பார்த்தால் நோயின் வருடங்கள் தெரிகின்றன. பழைய சீட்டில் 'ஸ்க்ரூ 1.4' என்பது சீட்டு முழுக்க, கடைசிச் சீட்டில் எறும்பு வரிசை. மூன்று மாதம் கூடத்தின் கதவையே திறக்கவில்லை. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்கப் போனால் நாலு பெட்டி சேர்ந்து கவிழ்கிறது. பலகையைப் பிரித்து, தன்னிடம் வேலை கற்ற டை ஃபிட்டரை எடுத்துப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். வந்த பையன் எடுத்துப் போகவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொருவரோடு வந்தான்.

இப்போது ஐந்து பேர். இந்த இருவர், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பெண், காஞ்சிபுரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், செங்கல்பட்டிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வீக் ஆஃப் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிறவர்களும் உண்டு.

ரயில் நேரத்தை வகுப்பது மாத்திரை. லெவோடோபா கலந்த மாத்திரையைப் போட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் உடம்பு திறக்கும். சில மணி நேரம் கழித்து மெல்ல மூடும். பருப்பு, மீன் என்று புரதம் கூடச் சேர்ந்தால் மருந்து ஏறுவது தாமதமாகும். ஆகவே ஒன்றேமுக்காலுக்கு மாத்திரை, இரண்டரைக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு முதல் வண்டி. அதே பொருள் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது, நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக உண்டு. அதைக் கேட்டுவிட்டுத் தானாக வாங்கிச் சாப்பிட்டு, இரண்டும் சேர்ந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்ட ஒரு வாரத்தை அவர் மனைவி சொன்னார். டாக்டரைக் கேட்காமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

அவர் கைக்கு என்ன வேலை என்பதுதான் அந்த ஐந்து பேரும் அதிகம் யோசித்த கேள்வி. நாங்கள் ஓட்டுகிறோம், நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் என் அப்பாவிடம் சொன்னது கிட்டத்தட்ட அதுதான். வழி சொன்னவர் ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் இருக்க, அந்தக் காலத்தில் நிலையத்துக்கு நிலையம் நீல் டோக்கன் கருவி இருக்கும். இரண்டு கருவியும் மின்சாரத்தால் பூட்டியவை. ஒரு நேரத்தில் ஒரு எஃகு உருண்டைதான் வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள். அந்த உருண்டைதான் லைன் கிளியர், பாதை காலி என்ற அனுமதி; அது கையில் இல்லாமல் எஞ்சின் நகராது. "வண்டி ஓட்டுறது டிரைவரா இருக்கலாம். விடுறது ஸ்டேஷன் மாஸ்டர்தான்" என்றார்.

அப்படித்தான் பெரியவர் வாலாஜாபாத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டரானார். உருண்டை, பேரிங்கிலிருந்து எடுத்த 25 மி.மீ. எஃகுக் குண்டு. அவர் அதை எடுத்து டிரைவர் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். போட்டால்தான் அந்தப் பாதைக்கு 12 வோல்ட் போகும். சுற்றை அமைத்தது அந்தப் பெண். முதலில் கிண்ணம் குண்டின் அளவுக்கே இருந்தது. பத்தில் எட்டு முறை வெளியே விழுந்தது. டை ஃபிட்டர் அதன் வாயைப் புனலாக விரித்து ஒரு சாண் ஆக்கினார். ஃபிக்ஸ்சரில் பாகம் தானாக இடம் போய் உட்காரச் செய்யும் சரிவு அது. கை தவறினாலும் வேலை தவறாமல் அமைப்பதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் போக்கா-யோக்கே. ஒரகடத்தில் அந்தச் சொல் தெரியாத ஆபரேட்டர் இல்லை. அதைக் கம்பெனிக்காகக் கற்றவர்கள் ஒரு மனிதருக்காகச் செய்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் தொழில் திறமையைப் பற்றி நான் கேட்ட எந்தப் பெருமையைவிடவும் இது பெரியது.

குண்டுக்குப் பதில் ஒரு பட்டன் வைத்தால் சட்டென்று முடியுமே என்று பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார். "குடுக்கறவர் கைக்கு எவ்ளோ நேரமோ, வண்டிக்கும் அவ்ளோ நேரம்" என்று மறுத்துவிட்டாராம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

பட்டனே வேண்டாம் என்பதில்லை. கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங், பெருமூளை வாதத்தோடு பிறந்த தன் மகன் ரயில் ஓட்ட வேண்டும் என்று பெரிய பட்டன் வைத்த கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கினார். அந்த வழியில் போய், 1995இல் லயனல் என்ற பழைய ரயில் பொம்மைக் கம்பெனியில் பங்குதாரரே ஆகிவிட்டார். இங்கேயும் பெரியவர் எஞ்சின் ஓட்ட ஆசைப்படும் நாளுக்கு, பிரஸ் மெஷினில் உள்ளங்கையால் அழுத்தும் காளான் பட்டன் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள்.

நடுக்கத்துக்கென்றே ஒரு வேலையும் அகப்பட்டிருக்கிறது. பாலாற்று மணலைச் சலித்து, தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியாகத் தூவுவது. சல்லடையை அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். மற்றவர்கள் தட்டித் தட்டித் தூவும் இடம் திட்டுத்திட்டாக வருகிறது, அவர் தூவிய இடம் சீராக இருக்கிறது.

எல்லா ஞாயிறும் இப்படிப் போவதில்லை. மருந்து ஏறாத நாள் உண்டு. மூன்று மணி ஆகியும் கட்டிலிலேயே கிடந்து, எல்லோரையும் போகச் சொல்லிக் கத்திய நாள் உண்டு. அன்றும் அவர்கள் தண்டவாளத்தை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் போனார்களாம். அவர் மனைவியிடம், இத்தனை பேருக்கும் டீ போடுவது உங்களுக்குப் பாரமில்லையா என்று கேட்டேன். "டீ அவங்களே போட்டுக்குவாங்க. ராத்திரில நாலு தடவ எழுப்புவாரு, புரட்டிப் படுக்க வைக்கணும். ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் நான் தூங்கறேன்" என்றார்.

பலகை நான்கு துண்டாக, போல்ட்டும் டவல் பின்னும் போட்டு இணைத்தது. மாடிப்படியில் இறங்கும் அளவுக்குத்தான் ஒவ்வொரு துண்டும். அமெரிக்காவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்பவர் வீட்டின் நிலவறை முழுக்க ஒரு மலைநாட்டையே எச்.ஓ. அளவில் கட்டி, நண்பர்களைக் கூட்டிக் கால அட்டவணைப்படி ஓட்டிவந்தார். 1973 ஜனவரியில் மாரடைப்பில் போனார்; சில நாளிலேயே வீடு தீப்பிடித்து அதில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. பெரியவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "வீட்டோட ஒட்டி வெச்சா வீட்டோட போயிடும்" என்றார். எந்தத் துண்டு யாருக்கு என்று பலகைக்கு அடியில் எழுதியிருக்கிறது. நான் குனிந்து பார்க்கவில்லை.

ஐந்தரை மணிக்கு மருந்து இறங்கத் தொடங்கியது. தோள் குறுகியது, முகம் கல்லானது. கடைசி வண்டி, ஆறு பெட்டிப் பாசஞ்சர், ஒய்.பி. எஞ்சினோடு வாலாஜாபாத்தில் நின்றது. அவர் குண்டை எடுத்தார். கை பாதி வழியில் நின்றது. குண்டு நழுவித் தரையில் விழுந்து, கறுப்புக் கோடுகளைத் தாண்டி உருண்டு, கட்டில்வரை போனது. அந்தப் பெண் எழுந்து போய் எடுத்து வந்தார். கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதில் போட்டிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். பெரியவரின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தார். சி.என்.சி. இளைஞருக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் போகும் சத்தம் மட்டும். இரண்டாம் முறை குண்டு புனலின் விளிம்பில் விழுந்து, ஒரு சுற்று சுற்றி, உள்ளே இறங்கியது.

வண்டி நகர்ந்தது. பழையசீவரம் போய்ச் சேர்ந்ததும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ரிஜிஸ்டரைத் திறந்து நேரம் எழுதினார்: 11 நிமிடம் தாமதம். அடுத்த கட்டத்தில், காரணம் என்ற தலைப்பின் கீழ்: லைன் கிளியருக்குக் காத்திருந்தது.