எலும்பின் நாட்காட்டி

மறுப்புக் கடிதங்களுக்கென்று ஒரு மொழிநடை இருக்கிறது. அதில் யாரும் எதையும் மறுப்பதில்லை. 'தங்கள் கோரிக்கை நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை' என்று பழி முழுவதும் கோரிக்கையின் தலையில் விழும். 2024 ஜனவரி இறுதியில் என் மனைவியின் பெயருக்கு வந்த கடிதமும் அந்த நடையில்தான் இருந்தது. அவருக்கு ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய். அதற்காக 2020 ஆகஸ்ட் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டு வந்தார். எட்டாவது ஊசிக்கு முன் அனுமதி கிடைக்கவில்லை.

நாங்கள் வசிக்கும் அமெரிக்காவில், உழைக்கும் வயதினரில் பெரும்பாலோரின் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. என் அலுவலகம் அந்த ஜனவரி 1 அன்று வேறொரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறியது, நாங்களும் மாறினோம். புதிய நிறுவனத்தின் விதி எளிமையானது: முதலில் அலெண்ட்ரோனேட் மாத்திரை, அது பயன்படாவிட்டால்தான் ஊசி. இதற்கு 'ஸ்டெப் தெரபி' என்று பெயர். படியேறித்தான் மேலே போக வேண்டும்.

விதியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அலெண்ட்ரோனேட் 1995 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து. காப்புரிமை முடிந்ததால் மலிவு. புதிதாகச் சிகிச்சை தொடங்குவோருக்கு இந்த வகை மாத்திரையையே முதலில் கொடுக்கும்படி அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் என் மனைவி புதிதாகத் தொடங்குபவர் அல்லர். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருந்து, அந்தப் படியை அவர் முன்பே ஏறியிருந்தார். உணவுக்குழாய் புண்ணானதால் மருத்துவரே மாத்திரையை நிறுத்தினார். அந்த வரலாறு பழைய நிறுவனத்தின் கணினியில் இருந்தது. புதிய நிறுவனத்துக்கு அவர் ஜனவரி 1 அன்று பிறந்த நோயாளி.

மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நேராகத் தமிழ்ப்படுத்தினால், 'நோயாளி இம்மருந்தில் தோல்வியுற்றாரா?' என்று வரும். நம் ஊரில் 'மருந்து கேட்கவில்லை' என்போம். குற்றம் மருந்தினுடையதாக இருக்கலாம், நோயினுடையதாக இருக்கலாம், நோயாளியினுடையது அல்ல. இங்கே தேர்வு எழுதித் தோற்பவர் நோயாளி. அதிலும் எலும்புப்புரை வலி காட்டாத நோய். பலருக்கு அதன் முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான். இந்த நோயில் தோல்வி என்றால் என்ன என்று எண்ணிப் பார்த்தபோது அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் விளங்கியது.

தாமதம் இந்த மருந்தில் வெறும் தாமதமாக நிற்பதில்லை. நம் எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் கட்டப்படுவது. அரிக்கும் செல்கள் உருவாவதை டெனோசுமாப் தடுத்து வைக்கிறது. ஊசியின் வீரியம் தீர்ந்ததும் அச்செல்கள் முன்னிலும் வேகமாகத் திரும்பி வருகின்றன. சேர்த்த அடர்த்தி சில மாதங்களில் கரைகிறது. சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் நேர்கின்றன. மாற்று மருந்து கொடுக்காமல் இதை நிறுத்தக் கூடாது என்பது மருத்துவர்கள் நன்கறிந்த எச்சரிக்கை. மறுப்புக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் இங்கே இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. நிறுவனத்திடமே 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இன்னும் பெறாத சிகிச்சை என்றால் 30 நாட்களுக்குள்ளும், அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள்ளும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அங்கும் மறுத்தால், மருத்துவக் காரணம் பற்றிய வழக்குகளில், நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத மதிப்பீட்டாளரிடம் போகலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் வாசல் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு அமைப்பு, மத்திய அரசின் காப்பீட்டுச் சந்தையில் விற்கப்படும் திட்டங்களின் 2023 கணக்கைப் பார்த்தது. மறுக்கப்பட்ட கோரிக்கைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. போனவற்றில் 44 விழுக்காட்டில் நிறுவனங்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டன. மறுப்பின் பலம் அதன் காரணங்களில் இல்லை, நம் களைப்பில் இருக்கிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

எங்கள் மருத்துவர் அவசரம் என்று எழுதியதை நிறுவனம் ஏற்கவில்லை. எனவே 30 நாள் கணக்கு. எண்டோஸ்கோப்பி அறிக்கை, மாத்திரை வாங்கிய மருந்துக்கடைப் பட்டியல், ஏழு ஊசிகளின் தேதிகள், இரண்டு அடர்த்திப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினோம். அந்த ஒரு மாதம் வீட்டில் நடமாட்டமே மாறிப்போயிற்று. குளியலறைத் தரையில் ரப்பர் விரிப்பு வந்தது. பனி உறைந்த வாசற்படியில் நான் உப்புத் தூவினேன். அரிசி மூட்டையை அவர் தொடக்கூட நான் விடவில்லை. "நான் கண்ணாடிப் பாத்திரம் இல்லை, விடுங்க" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டார். கோபம் என் மேல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மார்ச் நடுவில் அனுமதி வந்தது. ஐந்து வாரம் பிந்தி ஊசி போட்டார். முறிவு எதுவும் நேரவில்லை. எங்கள் வாதத்தில் எந்தப் பகுதி அவர்களை இணங்க வைத்தது என்று கடிதத்தில் குறிப்பு இல்லை. அனுமதி 12 மாதங்களுக்கு மட்டும் என்ற குறிப்பு இருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பழைய மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்பதை, நிறுத்துகிற அன்றே மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். காப்பீடு மாறப்போகிறது என்று தெரிந்தவுடன், மாறுவதற்கு முன்பே புதிய அனுமதிக்கான வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நிறுவனங்களின் ஆண்டு ஜனவரியில் புதிதாகப் பிறக்கிறது. உடம்பு பழைய கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கிறது.