தணலை ஆளும் துளைகள்

மூடி போட்ட கரி அடுப்பில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றுதான். கெட்டில் கிரில் எனப்படும் உருண்டை அடுப்பு இதை நம்பியே உருவானது. சிகாகோவில் மிதவைகள் செய்துவந்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் மிதவைக் கோளத்தின் பாதிகளைக் கொண்டு இதை வடிவமைத்தார். அடிக்கிண்ணத்தில் காற்று நுழையும் திறப்புகள், மூடியில் புகை வெளியேறும் துளைகள் என்ற அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் அதிகம் காணப்படுவது 22 அங்குல விட்டமுள்ள அடுப்பு.

மறைமுகச் சமையலில் தணல் ஒரு பக்கம், இறைச்சி எதிர்ப்பக்கம். இறைச்சிக்கு நேர் கீழே நீர் ஊற்றிய தகரத்தட்டு இருக்கும். அது சொட்டும் கொழுப்பை ஏந்திக்கொள்ளும். சூடு சட்டென ஏறுவதையும் மட்டுப்படுத்தும். மூடியின் துளை இறைச்சிக்கு மேலே வரும்படி திருப்பி வைப்பார்கள். அப்போதுதான் தணலிலிருந்து எழும் சூடும் புகையும் இறைச்சியைத் தொட்டுக் கடந்து வெளியேறும். முழுக் கோழிக்கு 160 முதல் 190 டிகிரி செல்சியஸ் ஏற்றது. பன்றித் தோள்பகுதி போன்ற நார்மிகுந்த துண்டுகளுக்கு 107 முதல் 135 டிகிரிக்குள் பல மணி நேரம் தேவை.

அவ்வளவு நேரம் சூட்டைக் காக்கும் வேலை கரியை அடுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. கிண்ணத்தின் ஓரமாக, அச்சில் வார்த்த கரிக்கட்டிகளை இரண்டிரண்டாக இரண்டடுக்கில் அரைவட்டமாக வரிசைப்படுத்தி, ஒரு முனையில் மட்டும் கனன்ற கட்டிகள் சிலவற்றை வைப்பார்கள். நெருப்பு திரியில் ஊர்வதுபோல் கட்டியிலிருந்து கட்டிக்குத் தாவும். எந்நேரமும் சில கட்டிகளே எரிவதால் சூடு எல்லை மீறுவது கடினம். மரக்கரித் துண்டுகள் அளவில் ஒன்றுபோல் இராததால் இந்த முறைக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

அடுத்தது காற்று. கைப்பழக்கம் உள்ளவர்கள் மேல்துளையை முழுதாகவோ பெரும்பாலுமோ திறந்துவைத்து, கீழ்த்திறப்பைக் கொண்டே சூட்டை ஆள்கிறார்கள். இதுவே சரியான வழி. மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி, கரிபடிந்து இறைச்சி கசக்கும். அடுப்பருகே நின்று பார்த்தால் புகையின் நிறமே நிலைமையைச் சொல்லிவிடும்: மெல்லிய நீலம் நல்லது; அடர்ந்த வெள்ளை, கரி இன்னும் சரியாகப் பற்றவில்லை என்பதற்கு அடையாளம்.

ஏறிவிட்ட சூட்டை இறக்குவது கடினம், ஏறிக்கொண்டிருப்பதைப் பிடித்து நிறுத்துவது எளிது. அதனால் இலக்குக்கு இருபது டிகிரி முன்பே கீழ்த்திறப்பைச் சுருக்கத் தொடங்க வேண்டும். ஒரு மாற்றத்தின் விளைவு தெரியப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி திருப்பினால் வெப்பமானியின் முள் மேலும் கீழுமாக அலையும். மூடியை அடிக்கடி திறப்பது அதைவிடக் கெடுதல். வெளிக்காற்று குபுகுபுவெனப் புகுந்து தணலை ஊதிவிடும். மூடிய பிறகு சூடு முன்னைவிட மேலே போய் நிற்கும். காற்று வீசும் நாளில் கீழ்த்திறப்பைக் காற்றுக்கு எதிர்ப்புறமாகத் திருப்ப வேண்டும். நீண்ட சமையலில் சாம்பல் அத்திறப்பை அடைத்துவிடுவதால், சூடு காரணமின்றி இறங்கினால் திறப்பை இயக்கும் நெம்புகோலை அசைத்துச் சாம்பலைத் தள்ளுவதே முதல் வேலை.

மூடியில் பதித்த வெப்பமானி உச்சியிலுள்ள காற்றின் சூட்டையே காட்டும். இறைச்சி உணரும் சூட்டை அறிய, கம்பித்தட்டின் மட்டத்தில், குளிர்ந்த இறைச்சியை ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஓர் உணர்முனை வேண்டும். இறைச்சிக்குள் இன்னொன்று. உட்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் மணிக்கணக்கில் நகராமல் நிற்பதுண்டு. மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, ஏறும் சூட்டைக் குடித்துவிடுவதே காரணம். இந்த நேரத்தில் பதறித் திறப்பை அகட்டுவதைவிட, தாளிலோ அலுமினியப் படலத்திலோ இறைச்சியைச் சுற்றி வைப்பது மேல். தோள்பகுதி சுமார் 95 டிகிரியில் விரலுக்குப் பிரியும். கோழிக்கு அதன் தடித்த பகுதியில் 74 டிகிரி போதும்.

சமையல் முடிந்ததும் மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் அடைத்தால் தணல் மெல்ல அவிந்துவிடும். எஞ்சும் கரியை உதறி, அடுத்த முறை புதுக் கரியோடு சேர்த்துக்கொள்ளலாம்.