அன்னபூரணிக்குக் கயிறு கட்டுகிறார் தாத்தா

பொட்டிபுரத்தில் ஏது கடல்? மேற்கே பார்த்தால் மலை, அதற்கு மேலே ஏலத்தோட்டம். அங்கேதான் தையலை விட்ட ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து 'அன்னபூரணி'க்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். முழ நீள மர மாதிரி.

அசல் அன்னபூரணி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய இரண்டு பாய்மரக் கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றினார். ஆனால், 1938-ல் அதை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் தமிழ் மாலுமிகள்.

கட்டுவதற்கு முறை உண்டு. நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்க வேண்டும். மரத்தைத் தாங்கும் கயிறுகள் முதலில், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் பிறகு. இடப்பக்கம் ஒன்று கட்டினால் அடுத்தது வலப்பக்கம்.

நாளை பேரன் சரக்குக் கப்பல் வேலைக்குப் புறப்படுகிறான். அதற்குள் முடிக்கும் அவசரத்தில் ஒரே பக்கமாக ஆறு கயிற்றை இறுக்கிவிட்டார். மரம் சாய்ந்துவிட்டது. காலமெல்லாம் ஊசி பிடித்த கை. அவமானம்தான், யாரிடம் சொல்ல?

"விடுங்க தாத்தா, போட்டோ எடுத்துக்கிறேன்."

"சாஞ்ச கப்பலையா? அந்தப் பக்கம் உக்காருடா."

ஆறையும் பிரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம், மாற்றி மாற்றி இழுத்துக் கட்டினார்கள். நள்ளிரவில் மரம் நிமிர்ந்தது. பாய் கட்ட நேரமில்லை. அது அடுத்த லீவுக்கு.