வீட்டு வண்டியின் விதானம்

கூரை வேறு, விதானம் வேறு. வெயிலையும் மழையையும் தடுப்பது கூரை. அக்கூரையின் உட்புறத்தைக் கண்ணினின்றும் மறைத்து, அதிலிருந்து உதிர்வன கீழே விழாமற் காப்பது விதானம். ஓலைவீட்டு முற்றத்தையும் கூடத்தையும் மறைத்துக் கட்டப்பட்ட வெள்ளைத் துணியே ஈழத்துத் தமிழர் நன்கறிந்த விதானமாகும். 'வெள்ளை கட்டுதல்' என்பது வழக்கு. மணவீட்டிலும் கட்டினர், மரணவீட்டிலும் கட்டினர். சலவைத் தொழிலாளர் மீது சாதியமைப்புச் சுமத்திய கடமை அது. அது அருகி வருவதற்காக எவரும் கண்ணீர் வடிக்கவேண்டியதில்லை. ஆயினும், துணியைத் துவைத்துக் கட்டிக் கழற்றி மீண்டும் துவைக்கும் அந்த எளிய முறையில் ஒரு தொழிலறிவு இருந்தது. இன்றைய வாகனங்களின் உட்கூரையைச் செய்வோர் அதனைக் கைவிட்டனர். கைவிட்டதன் விளைவைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு குடும்பம் அனுபவித்த வரலாறு சொல்லத்தக்கது.

வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிச் செல்லும் ஊர்திகள் மேனாட்டில் மலிந்துள்ளன. நம்மவருக்கு இந்த எண்ணம் புதிதன்று. கூடாரமிட்ட மாட்டுவண்டியில் அரிசியும் பானையும் பாயும் ஏற்றி, வழியில் சமைத்து, வண்டியிலேயே உறங்கிக் கோயிற்றிருவிழாக்களுக்குச் சென்று வந்த தலைமுறையினர் நம்மிடையே இருந்தனர். இங்கே சொல்லப்படும் வண்டியோ உல்லாசத்திற்காகவும் ஆனதன்று, யாத்திரைக்காகவும் ஆனதன்று. உட்துறைமுக வீதியை அடுத்த ஒழுங்கை ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்குப் புற்றுநோய் கண்டது. மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையிற் சிகிச்சை தொடங்கிற்று. தொடங்கிய இடத்திலேயே அதனைத் தொடரவேண்டியிருந்தது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு செல்ல ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மருந்தேற்றிய உடம்புடன் பேருந்தில் அமர்ந்து வருதல் இயலாதென்று கண்ட கணவர், தமது பழைய ரொயோட்டா ஹையேஸ் வானின் பின்னிருக்கைகளைக் கழற்றினார். இலங்கையில் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற வகை அது. ஒரு பலகைக் கட்டில், அதன்கீழ் நீர்க்கலனும் சிறிய அடுப்பும், யன்னலுக்குத் திரை. இரவிற் புறப்பட்டு விடியுமுன் போய்ச் சேர்வர். வேண்டுமாயின் வண்டியிலேயே இரவு தங்குவர்.

நோயாளி மல்லாந்து படுத்திருப்பவர். மற்றையோர் சாலையைப் பார்த்துச் செல்ல, அவர் பார்ப்பது விதானத்தை. ஆதலால் விதானம் தொய்வதை முதலிற் கண்டவரும் அவரே. நடுவிளக்கைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் துணி உப்பிற்று. ஓரிரு மாதத்தில் அது பசுவின் மடிபோலத் தொங்கியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் துணியின் ஓரத்திலிருந்து மஞ்சள் கலந்த மென்தூள் போர்வைமீதும் முகத்தின்மீதும் உதிர்ந்தது. நோயெதிர்ப்பாற்றல் குன்றியிருந்தவருக்கு அத்தூள் இருமலைத் தந்தது. கணவர் முதலிற் குண்டூசிகளைக் குத்திப் பார்த்தார். ஊசிக்கும் ஊசிக்கும் இடையே புதிய தொய்வுகள் தோன்றின. ஹபரணைக்கு அப்பால் ஓரூசி கழன்று கட்டிலில் விழுந்தபோது அந்த வைத்தியம் முடிவுற்றது.

இவ்விடத்துத் தொய்வின் காரணத்தை ஆராய்தல் தகும். துணி நைந்துவிட்டது என்றோ, பசை விட்டுவிட்டது என்றோ பலர் கருதுவர். இரண்டும் பெரும்பாலும் தவறு. இக்கால வாகனத்தின் உட்கூரை மூன்று அடுக்கினது: மேலே வார்த்தெடுத்த அட்டைப் பலகை, கீழே கண்ணுக்குத் தெரியும் துணி, இரண்டிற்கும் நடுவே சில மில்லிமீற்றர் தடிப்பில் பொலியூரிதேன் என்னும் செயற்கை ஸ்பொஞ். துணி அந்த ஸ்பொஞ்சைப் பற்றியிருக்கும். ஸ்பொஞ் பலகையைப் பற்றியிருக்கும். வெப்பமும் ஈரமும் சேருமிடத்து ஸ்பொஞ்சின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீரால் அறுபடுகின்றன. இரசாயனவியலார் இதனை நீர்ப்பகுப்பு என்பர். துணி நல்லபடியே இருக்கும், பசையும் பலகையில் ஒட்டியபடியே இருக்கும். நடுவில் நின்ற பொருள் மாவாகிவிடும். திருகோணமலையில் ஆண்டின் நடுப்பகுதியிற் கச்சான் காற்று அனலாய் வீசும். வெயிலில் நின்ற வண்டிக்கூரை கையைச் சுடும். ஆண்டிறுதியில் வாடை மழை. இவற்றோடு துறைமுகத்து உப்புக்காற்று. அந்த ஸ்பொஞ்சை அழிப்பதற்கென்றே வகுத்த காலநிலை எனலாம்.

ஆகவே தொய்ந்த துணியின்மேற் பசையைத் தெளித்து அழுத்துதல் மாவின்மீது கோலமிட்டு அது நிலைக்குமென்று நம்புதல் போன்றது. புதுப்பசை மாவைப் பற்றும். மா எதையும் பற்றாது. முறையான வழி நெடியது. விளக்கு, கைப்பிடி, வெயில்மறைப்பு, கதவோரத்து இறப்பர் ஆகியவற்றைக் கழற்றிப் பலகையை முறியாமல் இறக்கவேண்டும். பழைய தூளை மென்மையான தூரிகையால் முழுவதும் நீக்கவேண்டும். புதுத்துணிக்கும் பலகைக்குமாக இருபுறமும் பசை பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டு செல்லவேண்டும். இதில் ஒரு நுட்பமுண்டு. பலகையில் எங்கே குழிவிருக்கிறதோ அங்கே துணியை இழுத்துப் பிடித்தலாகாது. குழிக்குள் அதனைத் தளர்வாக இறக்கிவிடவேண்டும். விறைப்பாக நின்ற துணிதான் அடுத்த வெயிலில் முதலிற் கழன்று விழும்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னவர் கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் திருகோணமலைக்கு வந்து குஷன் வேலை செய்யும் முதியவர். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை தோணித்துறையிற் காத்துநின்று வந்தவர் அவர். முச்சக்கரவண்டிகளின் இருக்கை, பேருந்துகளின் றெக்சீன் உறை, புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகுகளின் நிழற்கூரை என எல்லாம் அவர் கையிற் படும். வானைப் பார்த்த மாத்திரத்தில் வேலையின் அளவு அவருக்கு விளங்கிற்று. விளங்காதது ஒன்றே: காலம். அன்று வியாழக்கிழமை. அடுத்த புதன்கிழமை காலை மகரகமவில் இருக்கவேண்டும். மாதமோ மார்கழி, மழை விட்டு விட்டுப் பெய்தது.

"பசை வேலைக்கு இது நேரமில்லை, சேர்," என்றார் அவர்.

அவர் சொன்ன காரணம் அறிவியலுக்கு ஒத்ததே. பசையிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்புக் குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் நீர்ப்படலமாய்ப் படிகிறது. பசை வெளுத்துப் பற்றாற்றலை இழக்கிறது. அதனினும் பெரியது நெடி. சப்பாத்துத் தைப்போர் கையாளும் மஞ்சட்பசையின் நெடியை நலமுள்ளவரே நெடுநேரம் தாங்கார். சோற்றின் மணமே குமட்டும் நிலையிலிருந்த ஒருவரை, பசை பூசி நான்கு நாள் ஆகாத வண்டிக்குள், மழைக்குக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஏழெட்டு மணிநேரம் படுக்கவைத்தல் எவ்வாறு? வேறு வண்டி வாங்குவதும் இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், விலை ஓய்வூதியர் கைக்கு எட்டும் நிலையில் இல்லை.

முதியவர் சிறிதுநேரம் வண்டிக்குள் அமர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், மொறிஸ் மைனர்க் காரை அறிவீர்களா என்று வினவினார். அறியாதார் யார்? மொறிஸ் மைனரும், வடபுலத்து வாடகைக்காரர் நெடுங்காலம் ஓட்டிய ஒஸ்ரின் ஏ-40 காரும் பசையாலும் ஸ்பொஞ்சாலும் விதானம் அமைந்தவை அல்ல. கூரையின் குறுக்கே வில்லாய் வளைந்த கம்பிகள் நிற்கும். துணியின் மேற்புறத்திற் குழல்போலத் தைத்த மடிப்புகளுக்குள் அக்கம்பிகள் செல்லும். துணி அவற்றில் தொங்கும். படகின் நிழற்கூரையும் அவ்வாறே. மாட்டுவண்டிக் கூடாரத்தின் வளைகழிகளும் அதே தத்துவம்தான். மாவாவதற்கு நடுவில் ஏதுமில்லாத அமைப்பு அது. ஒட்டும் வேலை சிக்கனமானது, தொழிற்சாலைக்கு ஏற்றது என்பதனால் வில்முறை மறைந்ததேயன்றி, குறையுடையது என்பதனால் அன்று.

"மழைச்சத்தம் கொஞ்சம் கூடக் கேட்கும், ரீச்சர். வேற குறையில்லை," என்று அவர் உண்மையையும் மறைக்காமற் சொன்னார்.

"கேட்கட்டும் நானா. தூள் விழாட்டிப் போதும்," என்றார் ஆசிரியை.

துணியின் நிறம் குறித்தே வீட்டிற் பிணக்கு மூண்டது. முதியவர் வெள்ளைப் பருத்தித்துணி நன்றென்றார்: துவைக்கலாம், அழுக்குத் தெரியும், வெப்பத்தை ஈர்க்காது. கணவர் முகம் வாடிற்று. நோயாளியின் படுக்கைக்கு மேலே வெள்ளை கட்டுவதா? மரணவீட்டின் நினைவு அவர் நெஞ்சை அறுத்தது. அதனை வாய்விட்டுச் சொல்லவும் அவரால் இயலவில்லை. நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உயர்தர வகுப்புகளுக்குப் பல்லாண்டு இலக்கியம் கற்பித்த ஆசிரியைக்கு அவர் மறைத்தது விளங்கிற்று. "கோவலனுக்கும் கண்ணகிக்கும் கலியாணம் நடந்தது நீல விதானத்துக்குக் கீழதான். அது அவையளுக்கு என்ன செய்தது?" என்றார். கணவர் பேசவில்லை. "வெள்ளை எங்கட கலியாணத்துக்கும் கட்டினது. அதை மறந்துபோனீங்களே?" என்று பின்னும் கேட்டார். வெள்ளையே முடிவாயிற்று. சிலப்பதிகாரத்தை இவ்வாறு பயன்படுத்தலாம் என்பது பாடத்திட்டம் வகுப்போர் அறியாதது.

வெள்ளிக்கிழமை துணியை வெட்டுமுன் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்தனர். பருத்தி முதல் துவைப்பிற் சுருங்கும். சுருங்கவேண்டியது வெட்டுமுன்னரே சுருங்கிவிடவேண்டும். சனிக்கிழமை அயல்வீட்டு வாகனக்கொட்டிலில் வண்டியை நிறுத்திப் பழைய பலகையைப் பின்கதவு வழியாக இறக்கினர். ஈரமூறி அது விளிம்புகளிற் பிட்டுப்போல் உதிர்ந்தது. ஆசிரியையை அன்று முழுவதும் அத்திசைக்கே வரவிடவில்லை. உட்கூரைத் தகட்டைத் துடைத்து உலரவிட்ட பின், நாகமுலாமிட்ட கம்பிகளை வளைக்கும் வேலை தொடங்கிற்று. ஐந்து விற்கள். வான்கூரை பார்வைக்கு ஒரே அகலமாய்த் தோன்றினும் முன்னே ஒடுங்கிச் செல்வது. ஆதலால் ஒரு வில்லுக்கும் மறுவில்லுக்கும் விரற்கடை வேறுபாடு உண்டு. முதியவர் ஒவ்வொன்றிலும் அரத்தாற் கோடுகீறி எண்ணிட்டார்: ஒரு கோடு, இரு கோடு என்று. இடம் மாறினால் துணி எங்கோ ஓரிடத்திற் சுருக்கம் காட்டும். கம்பி முனைகள் தகட்டில் உரசிச் சத்தமிடாதிருக்க இறப்பர்க் குழாய்த் துண்டுகளைச் செருகினார். நடுவில்லை முதலில் மாட்டி, அங்கிருந்து முன்னும் பின்னுமாகத் துணியை இழுத்துக்கொண்டு சென்றார். ஓரங்களைப் பசையிடாமல் வெல்க்றோப் பட்டியில் நிறுத்தினார். கழற்றுவதற்குத் தம்மைத் தேடவேண்டியதில்லை என்றார். தொழிலாளி தன்னைத் தேவையற்றவனாக்கிக்கொள்ளும் இத்தகைய வேலைக்குக் கூலி எவ்வளவு கொடுத்தாலும் தகும்; அவர் கேட்டதோ இரண்டு நாட் கூலி.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆசிரியை வண்டிக்குட் படுத்துப் பார்த்தார். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை அவர் கற்பித்த காலத்தில், அரசியின் கட்டிலுக்கு மேலுள்ள விதானத்தை மாணவர் விரைந்து கடந்துசெல்வது வழக்கம். மெழுகூட்டிய துணியில் மேடம் முதலான இராசிகள்; திங்களைப் பிரியாத உரோகிணி; போர்முனையிலுள்ள கணவனை நினைத்து அதனையே பார்த்துக் கிடக்கும் அரசி. வாடைக்காலத்தில், மேலே பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத ஒருத்தியின் நிலையை அப்பகுதி உரைக்கிறது என்பது பதினெட்டு வயதில் விளங்குவதன்று. "அந்த அரசிக்கு உரோகிணியாவது தெரிஞ்சது. எனக்கு ஐஞ்சு வரிதான்," என்று அவர் நகைத்தார். வண்டியோட்டும் கணவர் இரண்டு முழத்துக்கு முன்னே இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும்.

செவ்வாய் இரவு புறப்பட்டனர். குருநாகல்வரை மழை. சத்தம் பெரிதாகவே கேட்டது, தூள் விழவில்லை, மருந்தேற்றிய பின் திரும்பும் வழியில் ஆசிரியை தம்புள்ளைவரை உறங்கினார்.

வீடு சேர்ந்த மறுநாள் கணவர் துணியைக் கழற்றத் தொடங்கினார். மூன்றாம் வில்லுக்கும் நான்காம் வில்லுக்கும் நடுவே, இடப்பக்க ஓரமாக, தேநீர்க்கறைபோல ஒரு வளையம் தெரிந்தது. நேர்மேலே, கூரையின்மீது பொருள் ஏற்றும் கம்பிச்சட்டத்தைப் பிணைத்த ஆறு ஆணிகளுள் ஒன்று. கடற்காற்றில் ஆறுமே துருவேறியிருந்தமையால், எது நீரை உள்ளே விடுகிறது என்பதைப் பலகை இறக்கிய நாளில் எவரும் அறியமுடியவில்லை. ஸ்பொஞ்சும் பலகையும் ஆண்டுக்கணக்கில் அந்நீரைக் குடித்து மறைத்து வந்திருந்தன. வெள்ளைத்துணி ஒரே பயணத்தில் அதனைக் காட்டிவிட்டது. அவர் ஏணி வைத்து ஏறி, அந்த ஆணியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, புதிய இறப்பர் வளையமிட்டு இறுக்கினார். பின்னர் மற்றை ஐந்தையும் கழற்றலானார்.