அழுகலுக்குக் காத்திருப்பவர்கள்

பிரான்ஸின் தென்மேற்கே, போர்தோ நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சோட்டெர்ன். அக்டோபர் மாதம் அங்கே செடியில் தொங்கும் திராட்சையை எந்தப் பழக்கடைக்காரரும் முகம் சுளித்து எறிந்துவிடுவார். தோல் பழுப்பேறிச் சுருங்கி, மேலே சாம்பல் பூத்திருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். தோட்டக்காரருக்கோ அதைப் பார்த்தால்தான் உயிர் வரும். ஆண்டு முழுவதும் அவர் காத்திருந்தது இந்த அழுகலுக்குத்தான்.

எல்லாம் சிரோன் என்ற சிற்றாற்றின் கைங்கரியம். மர நிழலில் ஓடிவரும் அதன் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான கரோன் நதியில் கலக்கும்போது இலையுதிர்கால விடியற்காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தின் தோலைத் துளைக்கிறது. மதியம் வெயில் வந்தால் துளைகள் வழியே நீர் ஆவியாகிச் சர்க்கரையும் புளிப்பும் திரள்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘உன்னத அழுகல்’. வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை பழத்தை நாசமாக்கிவிடும். அப்போது உன்னதம் போய் வெறும் அழுகல்தான் மிஞ்சும்.

ஒரே குலையில்கூட எல்லாப் பழமும் ஒன்றாக அழுகுவதில்லை. எனவே கத்தரிக்கோலுடன் ஆட்கள் ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பக்குவமானதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விட்டுவைக்கிறார்கள். சில ஆண்டுகளில் இப்படி ஐந்தாறு சுற்று, வாரக்கணக்கில். பிழிந்தால் வருவது பாகு போன்ற சாறு. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. ஆல்கஹால் 14 சதவீதத்தை நெருங்கும்போது அதுவே களைத்துப்போகிறது. (கொஞ்சம் கந்தகமும் உதவிக்கு வரும்.) தின்னாமல் விட்ட மிச்சம்தான் ஒயினின் இனிப்பு. பிறகு ஓக் மரப் பீப்பாய்களில் நீண்ட உறக்கம்.

இந்த வட்டாரத்தின் ராஜா ஷாத்தோ டீக்கெம். 1855ல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது இனிப்பு ஒயின்களில் அதற்கு மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே தனி இடம் கிடைத்தது. அங்கே ஒரு செடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் என்பது கணக்கு. விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

அந்த ராஜாவும் வானத்திடம் தோற்பதுண்டு. 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளில் டீக்கெம் பெயரில் இனிப்பு ஒயின் வரவில்லை. 2012லும் அதே கதை. தரம் போதாது என்று அந்த டிசம்பரில் நிர்வாகம் அறிவித்துவிட்டது. பாராட்ட வேண்டிய கௌரவம்தான். ஆனால் 1999ல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்கு வந்த பண்ணைக்கு ஓராண்டு வருமானத்தைத் தியாகம் செய்வது முடிகிற காரியம். சில ஏக்கரை நம்பிக் குடும்பம் நடத்தும் பக்கத்துத் தோட்டக்காரர் யாரிடம் கௌரவம் பேசுவார்?

அவருக்கு மழையை விடப் பெரிய கவலை, குடிப்பவர்களின் நாக்கு. இனிப்பு ஒயினை விருந்தின் கடைசியில் அருந்தும் வழக்கம் குறைந்து வருகிறது. அதனால் பல பண்ணைகள் செமியோன், சோவிஞோன் திராட்சைகளில் ஒரு பகுதியைப் பூஞ்சை தொடுவதற்கு முன்பே பறித்து, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்கின்றன. சீக்கிரம் தயாராகிறது, சீக்கிரம் விற்கிறது. மூடுபனிக்காக வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. அதே மண், அதே செடி என்றாலும் அந்தப் புட்டியின் லேபிளில் சோட்டெர்ன் என்ற பெயரைப் போட விதி இடம் தருவதில்லை. பல காலம் வெறும் போர்தோ என்றுதான் போட்டு வந்தார்கள்.