நரம்பு வலை

கொல்லைக் குட்டையில் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளைக் காப்பாற்றப்போய் ஒரு தண்ணீர்ப் பாம்பைச் சாகவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்.

தொல்லை தொடங்கியது மடையானால். மடையான் முங்கிப் பிடிக்கிற பறவையல்ல. காலூன்றி நிற்க ஆழமில்லாத ஓரம் வேண்டும். கரையைச் செங்குத்தாகச் சீவி, ஓரத்திலேயே இடுப்பளவு ஆழம் வைத்தால் பாதித் தொல்லை தீரும். முங்கிப் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும்தான் வலை. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற தடித்த நூல் வலை. சட்டம் அடித்து விறைப்பாகக் கட்ட வேண்டும். மண்வெட்டி பிடிக்கச் சோம்பல் எனக்கு. மலிவாகக் கிடைத்த பழைய நரம்பு வலையைக் குட்டைமேல் தொளதொளவென்று விரித்து, ஓரங்களைத் தரையில் புரளவிட்டேன்.

ஒருநாள் காலையில் தீனி போடப் போனால், கரையோரம் பாம்பு. மஞ்சள் உடம்பில் சதுரங்கப் பலகைபோல் கறுப்புக் கட்டங்கள், கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடுகள். தலை வலைக்கண்ணில் நுழைந்து, உடம்பு பருத்த இடத்தில் இறுகியிருந்தது. பின்னால் இழுக்க இழுக்கச் செதிலில் நரம்பு இன்னும் மாட்டியது.

விஷமில்லாத பாம்பு, தெரியும். கடித்தால் ரத்தம் வரும், அவ்வளவுதான். தலைமேல் ஒரு சாக்கைப் போட்டு நாலு இழையைக் கத்தரித்திருந்தால் போயிருக்கும். பயந்தேனா? கொஞ்சம். அதைவிட, ‘என் மீனைத் தின்ன வந்ததுதானே, கிடக்கட்டும்’ என்கிற எண்ணம்தான். தீனியைத் தூவிவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்தேன், பேப்பர் படித்தேன். வெயில் ஏறியது. மதியம் பார்த்தபோது அடங்கியிருந்தது.

“காலையிலேயே செத்துக் கிடந்துச்சு” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தண்ணீர்ப் பாம்புக்கும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது என்று எழுத ஆசை. முன்பே தெரியும்.

வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். ஆள் வைத்துக் கரையைச் சீவினேன். மீன்கள் ஒளிய உடைந்த பானைகளையும் குழாய்த் துண்டுகளையும் அடியில் போட்டேன். மடையான் வருவது குறைந்திருக்கிறது. மீன்கொத்தி மட்டும் கரண்டுக் கம்பியில் காத்திருந்து வேளைக்கொன்று கொத்திக்கொண்டு போகிறது. அதைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.