நின்ற வண்டியிடம் போய் நில்லுங்கள்

தம்பிகளா, ஒருத்தன் கார் ஓட்டுகிற அழகை வைத்து அவனை நான் எடைபோடுவதில்லை. ஓடுகிற வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். வழியில் நின்றுபோன வண்டியின் பக்கத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே இந்தக் கடலோரத்திலேயே ஸ்பானர் பிடித்து வயதானவன் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வரிசையாகக் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, அலாய் வீல் என்ன விலை, சர்வீஸுக்கு எவ்வளவு ஆயிற்று, எந்த ஷெட்டில் ஏமாற்றினார்கள் என்று பேசிக்கொள்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ஒருத்தன் பட்ட அவஸ்தை அங்கே பத்துப் பேருக்குப் பாடமாகிறது. ஆனால் பேச்சு முழுக்க வண்டி ஓடும்போது என்ன என்பதாகவே இருக்கிறது. நிற்கும்போது என்ன என்பதை ஒருத்தரும் எடுப்பதில்லை.

முதலில் எந்த மண்ணில் நின்று பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணூர் என்றால் லாரி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கே முதலில் பூட்டி வெளியே விட்டது ஆஸ்டின் ஏ40 என்கிற கார். லேலண்ட் லாரி அதற்கப்புறம் வந்தது. 1955-ல்தான் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூர் புல்லட் நிற்கவில்லை. எம்.ஆர்.எஃப். டயர் இருக்கிறதே, அதுவும் 1946-ல் இதே திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்கிற கொட்டகையாகத் தொடங்கியதுதான். ஆக, கார், லாரி, பைக், டயர் நாலும் இந்தச் சில மைல் சாலையில் பிறந்திருக்கின்றன. வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்தப் பெருமை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இப்போது எண்ணூர்த் துறைமுகத்தில் புதுக் கார்கள் வரிசைகட்டிக் கப்பலேறுகின்றன. அதை வேடிக்கை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு டயர் மாற்றத் தெரியவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

அந்தக் காலத்தில் கம்பெனிச் சங்கு ஊதி ஷிப்ட் விடும்போது, சாலையில் ஒரு வண்டி நின்றிருந்தால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒருத்தர் கார்புரேட்டரைப் பார்ப்பார், ஒருத்தர் பிளக்கைக் கழற்றித் துடைப்பார், மற்ற இரண்டு பேர் யோசனை சொல்லுவார்கள். (யோசனை சொன்னவர்கள்தான் அதிகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) இன்றைய காரில் கார்புரேட்டர் இல்லை, ஸ்கேனர் இல்லாமல் பாதிக் கோளாறு தெரியாது. அதனால் நமக்கு வேலையில்லை என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் வழியில் கார் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பஞ்சர், பேட்டரி, கூலண்ட், ஃப்யூஸ். இந்த நாலுக்கும் ஸ்கேனர் வேண்டாம்.

ஸ்டெப்னியில் இருந்து தொடங்குங்கள். ஓடுகிற நாலு சக்கரத்துக்கு வாராவாரம் காற்று பார்ப்பவன்கூட டிக்கியில் கிடக்கிற ஐந்தாவதை மறந்துவிடுகிறான். தேவைப்படுகிற ராத்திரியில் அது சப்பையாகக் கிடக்கும். இப்போது சில கார்களில் ஸ்டெப்னியே இல்லை, பஞ்சர் கிட் மட்டும்தான். உங்கள் காரில் எது இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் கொண்ட ஒரு முத்திரை இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமலே டயர் கிழடாகிவிடும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. சக்கரம் மாற்றும்போது ஜாக்கியை ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் வண்டி ஆடி ஜாக்கி சரியும். நம் பக்கம் மணல் தரை. ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல், இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள்.

இந்த ஊரில் கார் வைத்திருக்கிறவனுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. உப்புக் காற்று. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். காசிமேட்டிலும் எண்ணூர்க் கடற்கரையிலும் வண்டியை நிறுத்துகிறவர்கள் மேலே வாக்ஸ் போடுகிற காசில் பாதியை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் செலவழியுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் ட்ரெய்லர் கிளப்புகிற தூசியும் சேர்ந்து ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு மணலிச் சாலைக்குப் பொருந்தாது. அதற்கு முன்னாலேயே திறந்து பாருங்கள்.

இனி மாடிஃபிகேஷன். இதில் நான் விரோதி இல்லை. திருவொற்றியூரில் புல்லட் டேங்க் மேல் தங்கக் கோட்டைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். அந்த அழகைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வண்டியை அலங்கரிக்கிற ஆசை புரியாமல் இருக்குமா? ஆனால் நின்ற வண்டியை வைத்துத்தான் நான் எதையும் அளக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் மாட்டுகிற சாமான் நாளைக்கு வண்டியை நிறுத்துமா, எரிக்குமா, இன்னொருத்தன் கண்ணைக் கூசவைத்து அவனை நிறுத்துமா? என் கேள்வி அவ்வளவுதான்.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போட்ட ஹாலஜன் பல்பு 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியருக்கு மேல், இரண்டு பக்கமும் சேர்த்தால் 16-க்கும் மேல். ஒயர் பழைய ஒயர், சுவிட்ச் பழைய சுவிட்ச். முதலில் ஹோல்டர் இளகும், பிறகு ஃப்யூஸ் போகும். அங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸாகப் போடுகிறார்கள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டிச் செருகுகிறவனும் உண்டு. ஃப்யூஸ் என்பது ஒயர் எரியாமலிருக்கத் தான் செத்துப்போகிற சாமான். அதைச் சாகவிடாமல் செய்தால் ஒயர் எரியும், அப்புறம் வண்டி எரியும். கூடுதல் விளக்கு வேண்டும் என்றால் ரிலே வைத்து, பேட்டரியில் இருந்து தனி ஒயர், தனி ஃப்யூஸ் என்று ஒழுங்காகச் செய்கிற எலக்ட்ரீஷியனிடம் போங்கள். கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டுகிறேன் என்பவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கும் அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. கண்ணாடியில் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. முன்பக்கம் மாட்டுகிற கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாயிற்று. அதை மாட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் போலீஸ் அபராதம் மட்டுமில்லை. மோதலின் அதிர்ச்சியை இரும்புக் கம்பி வேறு வழியில் சேஸிஸுக்குக் கடத்திவிட்டால், ஏர்பேக் சென்சார் சரியான நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம். எதிரே நடந்து வந்தவன் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலரை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மாற்றம் செய்தால் இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் கிளெய்முக்குப் போய் நின்றால் அங்கே நீங்கள் வாதாட வழியில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எண்ணூர்க்காரனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் பல பிள்ளைகள் ஆசையோடு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார்கள். காற்றை அமுக்குகிற பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், என்ஜின் போச்சு. முங்கின காரில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சக்கரம் தரையில் படாமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புவது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும். சாதாரண பாலிசியில் இப்படிப் போன என்ஜினுக்குக் காசு வராது. என்ஜின் புரொடெக்ட் என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் முங்கிய பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்தீர்கள் என்றால் அப்போதும் தகராறுதான். தாழ்வான தெருவில் இருக்கிறவர்கள் மழைக்கு முன்பே, வெயில் காலத்திலேயே பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, அடுத்தவன் வண்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி கன்டெய்னர் ட்ரெய்லர்கள் துறைமுகத்துக்குக் காத்து ஓரத்தில் நிற்கும், பாதிக்குப் பின்விளக்கு எரியாது. அங்கே ஒரு கார் நின்றுவிட்டால் அதில் இருப்பவர்கள் உயிர் நூலில். ஹசார்டு விளக்கைப் போடு, ஆட்களை இறக்கு, சாலையை விட்டு இடப்பக்கமாக விலகி நிற்கச் சொல். வார்னிங் டிரையாங்கிளைக் காருக்கு ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வை. டிக்கியை ஒட்டி வைத்துவிட்டு செல்பி எடுப்பவனையும் பார்த்திருக்கிறேன். லாரிக்காரர்கள் பின்னால் தழையைப் போட்டுவைப்பார்கள், அதுவும் நல்லதுதான். கல்லை வைப்பார்கள், கிளம்பும்போது எடுக்காமல் போவார்கள். அடுத்து வருகிற பைக்காரன் அதில் விழுவான். நீங்கள் வைத்ததை நீங்களே எடுத்துவிட்டுப் போங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் என்ஜின் இரும்பில். பேட்டரியிலேயே மாட்டாதீர்கள். அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் வாயு ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

ராத்திரியில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்றால் எட்ட நின்று பேசுங்கள். அவளைக் காரைவிட்டு இறங்கச் சொல்லாதீர்கள். ‘வீட்டுக்கு போன் போட்டு என் வண்டி நம்பரைச் சொல்லும்மா’ என்று நீங்களே சொல்லுங்கள். உதவிக்குக் காசு வாங்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கலாம்.

விபத்து என்றால் பசங்கள் தயங்குகிறார்கள். “நைனா, போலீஸ் ஸ்டேஷனு, கோர்ட்டுன்னு யாரு அலையறது?” என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு உண்டு. நல்லெண்ணத்தில் உதவுகிறவன்மீது வழக்கு கிடையாது, பெயரைச் சொல்லும்படி அவனைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்கூட. ஆகவே காசைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தீயோ தண்ணீரோ இல்லாதவரை அடிபட்டவரை நீங்களாக இழுத்து வெளியே போடாதீர்கள், கழுத்து எலும்பு விஷயம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு.

வருகிற ஞாயிறு கூடும்போது ஆளுக்கு ஒருமுறை ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டுங்கள், கார் ஓட்டுகிற அக்கா தங்கச்சிகளையும் கூப்பிட்டு அவர்கள் கையில் ஸ்பானரைக் கொடுங்கள். ஜம்பர் ஒயர் இல்லாதவர்கள் ஒரு செட் வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். ஸ்பீக்கரை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.